ராக்கெட் டீச்சருக்குக் கேதம்

எங்கள் வீட்டில் யாரும் சாகாமலே ஒரு முறை ஊர் கூடிக் கேதம் கேட்க வந்தது. துக்கம் விசாரிப்பதைத்தான் ராஜபாளையத்தில் அப்படிச் சொல்வோம்.

எனக்கு நாலாம் வகுப்பு டீச்சர் என் அத்தைதான், அப்பாவின் தங்கை. வகுப்பே அவள் மேல் உயிராக இருந்தது. அமெரிக்காவில் ஒரு டீச்சர் ராக்கெட்டில் போய் வானத்திலிருந்தே பாடம் நடத்தப்போகிறார் என்று பேப்பரில் படித்ததிலிருந்து அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கும் அந்தத் தை மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க வேலை கிடைத்திருந்தது. அப்பாவும் அரைமனதாகச் சரி என்றிருந்தார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ராக்கெட் வெடித்து, டீச்சரோடு சேர்த்து அதிலிருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள்.

"வானத்துக்குப் போன பொம்பளை கதையப் பாத்தேல்ல? நீ ஒரு மலையும் ஏற வேண்டாம்" என்றார் அப்பா. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அத்தையின் டிரங்குப் பெட்டி பரணுக்குப் போனது.

அன்று வகுப்பில் செய்தியை வாசித்த அத்தை பாதியிலேயே அழுதுவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் தூக்குவாளிகளோடு வகுப்பே எங்கள் வாசலில் நின்றது. சில அம்மாக்களும் பலசரக்குக் கடை பாயும் கூடவே வந்துவிட்டார்கள். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிடுமே என்று அம்மா அவசரமாகத் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தாள்.

கேதத்துக்கு வந்தவர்களிடம் வீட்டு ஆண்பிள்ளைதான் பேச வேண்டும். வேறு வழியில்லாமல் அப்பா துண்டோடு வாசலுக்கு வந்தார். எப்படி நடந்தது என்று ஒவ்வொருவரும் கேட்க, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பேப்பரில் வந்த ஏழு பேர் படத்தை ஸ்டூலில் சாய்த்து வைத்து, நாங்கள் ஆளுக்கொரு பூப் போட்டோம்.

"அந்த டீச்சருக்குப் பிள்ளைக உண்டா?" என்று கேட்டார் பாய்.

"அவியளுக்கு ரெண்டு. கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்குக" என்றார் அப்பா.

பாயின் மகள் என் வகுப்புதான். "அப்ப அந்தப் பாடத்த இனி ஆரு எடுப்பா?" என்றாள்.

அப்பா உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவோரம் நின்ற அத்தைதான் சொன்னாள்: "இன்னொரு டீச்சர் போவாக. பொறவு எடுப்பாக."

எல்லோரும் போனபின் அப்பா வந்த சோற்றைக் கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். "கெளம்பு. மலையில குளிரும், கம்பளிய மறந்துராத" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கூடப் போய்க் கோயம்புத்தூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். நான் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் குனிந்து தட்டிப் பார்த்தார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று டிரைவரையே கேட்டார். டிரைவர் முறைத்தார். பட்டாளத்துப் பழக்கம் இன்னும் போகவில்லையே என்று எனக்கு ஒரே வெட்கம்.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் அப்பா அங்கேயே நின்றார். டயரெல்லாம் நன்றாகத்தானே இருந்தது, அப்புறம் எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.