கீழிருந்து பார்த்த திரை

சென்னியப்பன் வெள்ளியங்கிரி (1966–2024) திருச்செங்கோட்டில் பிளக்ஸ் பதாகை வடிவமைத்தவர். அவருடைய பழைய டி.என். வகைக் கணினித் திரை உயரத்தில் இருந்தது. தாழ்ந்த நாற்காலியிலிருந்து அண்ணாந்தே பார்ப்பார். அண்டை வீட்டுத் தனப்பிரியாவின் பூப்புச் சீர்ப் பதாகையில் அவள் முகம் இருண்டு தெரியவே, மேலும் மேலும் வெளுக்க வைத்தார். அச்சில் அது சுண்ணாம்பு பூசியதுபோல வந்தது.

“நான் கருப்புன்னுதானுங்க மாமா வெளுத்து உட்டீங்க?” என்றாள் அவள்.



திரையின் குறைதானா என்று பார்க்க, ஐ.பி.எஸ். என்னும் வேறு வகைத் திரை ஒன்றை வாங்கிப் பழையதன் அருகே வைத்து, அவள் படத்தை இரண்டிலும் திறந்தார். புதியதில் எங்கிருந்து பார்த்தாலும் முகம் மாறவில்லை. பழையது கீழிருந்து பார்த்தால் இருண்டது. ஆனால் இருண்ட முகத்தை வெளுக்க வேண்டும் என்று முடிவுசெய்தது திரையன்று. அதை எண்ணிக் குன்றிப்போனார்.

திருத்தாத படத்தை அச்சிட்டு அவளிடமே கொடுத்தார். அவர் கடைசியாகச் செய்த வேலை அது. நாள் 11 பிப்ரவரி 2024.