டார்ஜிலிங்குக்கு ஏழு தடவை போனவர்

மேற்குத் தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் கையில் வருடத்துக்கு நான்கு முறை ஒரு ரோஸ் நிற நோட்டீஸைத் திணிப்பார்கள். ‘பாரதத்தின் எழில் கொஞ்சும் இடங்களைக் காண அரிய வாய்ப்பு’ என்று தலைப்பு. கீழே சிம்லா, குலு மணாலி, நைனிடால், டார்ஜிலிங் என்று எழில் கொஞ்சியே தீரும் ஊர்களின் பட்டியல். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: ‘பயணம் முழுவதும் நம்ம ஊர் சாப்பாடு.’ நோட்டீஸை வாங்கியவர்கள் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள். இமயமலையைப் பார்க்கத் துடிக்கிற தாம்பரத்துக்காரர், அங்கே மூன்று வேளையும் சப்பாத்திதான் என்று தெரிந்தால் மலையை அடுத்த ஜென்மத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார்.

அந்தக் கடைசி வரிதான் தனக்கோடி.

இரும்புலியூரில் ஒற்றை அறை வீடு. 2007இல் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டூர் சமையலில் பதினெட்டு வருடம். இந்தியாவில் அவர் போகாத அழகான இடம் இல்லை. பார்த்த அழகான இடமும் இல்லை. இதில் அவருடைய தவறு ஒன்றுமில்லை. இந்த நாட்டில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டிய இடங்களிலெல்லாம் அது பொங்கல் வைக்கிற நேரத்தில்தான் உதிக்கிறது. மறைவதைப் பார்க்க வேண்டிய இடங்களில் பஜ்ஜி போடுகிற நேரத்தில் மறைகிறது. நாற்பது பேர் பனிமலையில் கைகோர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, லாட்ஜின் பின்பக்கக் கொட்டகையில் அந்த நாற்பது பேருக்கும் உருளைக்கிழங்கு உரிபட்டுக்கொண்டிருக்கும். நைனிடால் என்றால் அவருக்கு நாற்பது படி இறங்கித் தண்ணீர் பிடிக்கிற ஊர். உதய்ப்பூர் என்றால் குரங்கு வடையைத் தூக்குகிற ஊர். மலையூர்களின் உயரத்தைப் பருப்பு வேகும் நேரத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்ரிநாத்தில் பருப்பு வேகாது, மன்றாட வேண்டும்.

முதல் டூர் முடிந்து வந்த அன்று அவர் மனைவி ஜோதிலட்சுமி ஆசையாகக் கேட்டாள்.

“சிம்லா எப்டி கீது?”

“பருப்பு வேக மாட்டேங்குது” என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைக்கிறவள் அவள். திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் முப்பது பெண்கள் சிம்லாவுக்காகக் காத்திருப்பார்கள். அவர்களிடம் பருப்பையா கொண்டுபோவது?

அடுத்த டூரிலிருந்து தனக்கோடி காதைத் தீட்டிக்கொண்டார். திரும்பும் ரயிலில் பயணிகள் பேசுவதைக் கேட்பார். கேட்டதைக் கொஞ்சம் தாளித்து வீட்டில் பரிமாறுவார். நேரில் பார்த்தவர்களைவிட அவர் நன்றாகச் சொன்னார். பார்த்தவர்கள் “சூப்பர் சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பார்க்காதவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதிலும் டைகர் ஹில்லில் நின்று கஞ்சன்ஜங்கா சிகரத்தில் விடியலைப் பார்த்த கதையை ஜோதிலட்சுமி ஐந்தாறு முறையாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

“மல கீழேந்து எழும்பி நிக்காது ஜோதி. வானத்துல மாட்டி வச்சா மாதிரி தொங்கும். மொதல்ல நீலமா கீது. அப்பால உச்சில மட்டும் செக்கச்செவேல்னு ஒரு பொட்டு. அந்தப் பொட்டு அப்டியே வழிஞ்சி வழிஞ்சி எறங்கும் பாரு...”

தொங்கியது ஒரு வங்கி மேனேஜர் சொன்னது. பொட்டு அவருடைய மனைவி சொன்னது. வழிந்தது மட்டும் தனக்கோடியின் சொந்தச் சரக்கு.

இப்படியே காலம் போயிருக்கும். அந்த ஏப்ரலில், டூர் நடத்துகிற சுப்ரமணியன் ஸ்கூட்டரில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“காய் நறுக்கற சவுரிமுத்து, அக்கா பொண்ணு கல்யாணம்னு கையை விரிச்சுட்டான். டார்ஜிலிங் டூர் இந்தத் தடவை ஃபுல். அம்மா, நீங்க வர்றேளா? டிக்கெட் என் பொறுப்பு. காயையும் நறுக்கினா மாதிரி ஆச்சு, ஊரையும் பார்த்தா மாதிரி ஆச்சு.”

தனக்கோடி அவசரமாகக் குறுக்கிட்டார். “அவளுக்குக் குளிரு ஒத்துக்காது சார்” என்றார்.

“பதினெட்டு வருசமா உனுக்கு ஒத்துக்கிச்சே, எனுக்கு இன்னா?” என்றாள் ஜோதிலட்சுமி.

“கம்பெனில லீவு குட்க்க மாட்டானுங்க.”

“லீவு எனுக்கு. பேஜாரு உனுக்கா?”

சுப்ரமணியன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். தனக்கோடிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மலையை மட்டும் பொய் சொல்லியிருந்தால் சமாளித்துவிடலாம். பதினெட்டு வருட மலைகள், ஏரிகள், அருவிகள் அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அடியில் ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும். அதைவிட மோசம், அவள் அதையெல்லாம் நம்பிச் சானடோரியம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவர் பொய்யர் ஆவது ஒருபுறம். அவளையும் அவளுக்கே தெரியாமல் பொய்க்காரி ஆக்கிவைத்திருந்தார்.

ரயில் விஜயவாடாவைத் தாண்டுவதற்குள் ஜோதிலட்சுமி, சேலையூரிலிருந்து ஏற்கெனவே இரண்டு டூர் வந்திருந்த ரிட்டயர்டு டீச்சர் பாலாம்பாள் மாமிக்குக் கஞ்சன்ஜங்காவை முழுவதுமாகக் காட்டி முடித்திருந்தாள். தொங்கியது, பொட்டு வைத்தது, வழிந்தது எல்லாம் வரிசை மாறாமல் வந்தன.

“தனக்கோடி! உனக்குள்ள இவ்வளவு ரசனையா? ஒரு நாளும் சொன்னதில்லையே!” என்றாள் மாமி.

தனக்கோடி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக அடுத்த பெட்டிக்குப் போனார். அங்கே பரிமாற வேண்டியவர்கள் யாரும் இல்லை.

டார்ஜிலிங்கில் முதல் நாள் சாயங்காலமே ஜோதிலட்சுமி சொல்லிவிட்டாள். “நாளிக்கி காலைல டைகர் ஹில்லுக்கு நீயும் வா. எந்த எட்த்துல நின்னு பாக்கணும்னு உனுக்குத்தான் தெரியும்.”

“நீ மாமிகூடப் போ. எனுக்குப் பொங்கல் வேல கீது.”

ஜோதிலட்சுமி கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “ஆறு தபா போனியே, அப்பல்லாம் பொங்கல யாரு வச்சது?”

“சவுரிமுத்து.”

“அவனுக்கு வென்னீ வைக்கத் தெரியாதுன்னு நீதான சொல்லுவ?”

தனக்கோடிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. டார்ஜிலிங்கின் குளிருக்கு அவர் மனதார நன்றி சொன்னது அப்போதுதான். ஆனால் ஜோதிலட்சுமி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்விக்கு இருமிச் சமாளிக்க முடியாது.

விடிவதற்கு வெகு முன்பே லாட்ஜ் வாசலில் ஜீப்புகள் வந்தன. ஐந்து வர வேண்டிய இடத்தில் நான்குதான் வந்தன. கம்பளிக்குல்லாய்க்குள் நெற்றி மறைந்துபோன பயணிகள் முண்டியடித்து ஏறினார்கள். ஜோதிலட்சுமி ஏற்கெனவே மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுப்ரமணியன் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

“அம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். எல்லாம் பணம் கட்டின பார்ட்டி. அடுத்த டூர்ல பார்த்துக்கலாம், என்ன?”

அவள் இறங்கினாள். மாமி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

சமையல் கொட்டகையிலிருந்து வெளியே வந்து இதைப் பார்த்த தனக்கோடிக்கு முதலில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அடுத்த கணமே கூசியது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை மலை பார்க்க வந்தவளை இறக்கிவிட்டதில் ஒருவனுக்கு நிம்மதி வருகிறது என்றால், அவன் எவ்வளவு கெட்டுப்போயிருக்க வேண்டும்? ஜோதிலட்சுமி வந்து, பலகையில் உட்கார்ந்து இஞ்சி நறுக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் இஞ்சியை வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கினாள்.

அண்டாவில் அரிசியும் பருப்பும் கொதிக்க ஆரம்பித்தன. தனக்கோடி கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஜோதி. நான் அங்க போனதே இல்ல.”

கத்தி நின்றது.

“ஆறு தபாவும் இதே லாட்ஜு. அல்லாரும் மேல போவாங்கோ, நான் இங்கியே அடுப்பாண்ட நின்னுகினு இருப்பேன். சிம்லாவும் அப்டித்தான், நைனிடாலும் அப்டித்தான். அவங்கோ பேசுனத்த கேட்டுக்கினு வந்து உன்னாண்ட சொன்னேன். அந்த மலய நான் கண்ணால பாத்ததே இல்ல.”

பதினெட்டு வருடப் பொய்யைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமின்றித் தனக்கோடி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கியா நின்னுகினு இருந்த?” என்றாள் ஜோதிலட்சுமி. குரலில் கோபம் இல்லை. “இதே எட்த்துலியா?”

“இதே எட்த்துலதான்.”

“அப்ப அது இன்னாய்யா?”

அவள் அவர் தோளுக்குப் பின்னால் கொட்டகையின் திறந்த பக்கத்தைக் காட்டினாள். தனக்கோடி திரும்பிப் பார்த்துவிட்டு, “அது மேகம்” என்றார்.

அந்த மேகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். கடிகாரம் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த மேகத்தின் நுனி சிவந்தால் நெய் காய்ச்சுவார். முழுவதும் வெளுத்தால் அண்டாவை இறக்குவார். மழையும் மூட்டமும் உள்ள நாட்களில் அது இருக்காது, அன்றைக்குக் குத்துமதிப்புதான். ஆறு தடவையும் ஒரே இடத்தில் ஒரு மேகம் எப்படி நிற்கும் என்று அவர் யோசித்ததில்லை. தாம்பரத்தில் பச்சைமலைகூடத்தான் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது. யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

“மேகம் அசையாம நிக்குமா? நல்லா பாருய்யா. தொங்குது. நீலமா கீது.” ஜோதிலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். “தோ... தோ... உச்சில பொட்டு!”

மலை என்றால் இருக்க வேண்டிய உயரத்துக்கும் மேலே, அது இருக்கக் கூடாத உயரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. பிறகு அது வழிந்தது. தனக்கோடி தம் கற்பனை என்று நினைத்திருந்த ஒரே சங்கதியும் நிஜமாகவே நடந்தது.

விறகுக் கட்டோடு வந்த லாட்ஜ் ஆள், இவர்கள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தான். “கஞ்சன்ஜங்கா” என்றான், தன் சொந்த மாமன் பெயரைச் சொல்வதுபோல.

“ஆறு தபா பாத்துட்டு, பாக்கலன்னு என்னாண்டயே பொய் சொல்றியா நீ?” என்று ஜோதிலட்சுமி தனக்கோடியின் தோளில் ஒரு அடி போட்டாள். அடி வலித்தது. பதினெட்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அதில் இறங்கிப்போன மாதிரியும் இருந்தது.

“நைனிடாலு?” என்றார் மெல்ல. “அத்த நெசமாவே பாக்கலியே.”

“அங்கியும் எத்தயோ பாத்துட்டு இன்னான்னு தெரியாம வந்துருப்ப. நீ சொம்மா இரு.”

எட்டு மணிக்கு ஜீப்புகள் திரும்பின. பயணிகளின் முகம் தொங்கிக் கிடந்தது. அதற்குள் கொட்டகைப் பக்கமும் மூட்டம் ஏறி, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

“ஒரே மூட்டம்! ரெண்டு மணி நேரம் நின்னும் முன்னாடி நின்னவன் குல்லாதான் தெரிஞ்சுது” என்று பாலாம்பாள் மாமி தட்டை நீட்டினாள். “பாவம், உன்னை வேற எறக்கிவிட்டுட்டா. நல்லவேளை, நீ வந்திருந்தாலும் இதே கதிதான்.”

“நாங்க பாத்தோம் மாமி” என்றாள் ஜோதிலட்சுமி. ரயிலில் சொன்னதை மறுபடி சொன்னாள். இந்த முறை நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, சரியாக ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் பொங்கலை மறந்து கேட்டார்கள்.

மாமி சந்தேகத்தோடு தனக்கோடியைப் பார்த்தாள். “நிஜமாவா? நீயும் பார்த்தியா?”

“பாத்தேன் மாமி. இத்தோட ஏழு தபா” என்றார் தனக்கோடி. சொல்லிவிட்டு, இருமல் ஏதும் வருகிறதா என்று ஒரு கணம் பார்த்தார். வரவில்லை.

மாமி ஒரு வாய் பொங்கலைப் போட்டுக்கொண்டாள். “தனக்கோடி, இதுல உப்பே இல்லையே!”

டூர் சமையலில் அவர் வாங்கிய முதல் குறை அது. தனக்கோடி உப்பு ஜாடியை எடுத்து ஜோதிலட்சுமியிடம் நீட்டினார். அவள் வரிசையின் கடைசிவரை ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே, மலையைச் சொல்லிக்கொண்டே போனாள்.