சாம்பியன் ரீப்ஸில் துணைக்கிருந்த வருஷம்

நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கே திரும்பிப் போய் ஒரு வருஷம் படம் வரைய எனக்கு ஃபெல்லோஷிப் கிடைத்தது. கலைஞர்கள் தங்கள் சொந்த மக்களோடு இருந்து வேலை செய்யவேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. அப்போது பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். நீண்ட லீவு போட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். பக்கத்தில் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைனில் நாங்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். அப்பா தங்க மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். மைன்ஸ் மூடிய பிறகு எங்களை ஓசூருக்கு அழைத்துப் போனார். அங்கேயே காலமாகிவிட்டார்.

முதல் வாரம் அட்டையும் பென்சிலுமாக லைனுக்குள் நுழைந்தபோது, குழாயடியில் நின்ற பெண்கள் நான் வீட்டுப் பட்டா விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எப்போது அளப்பீர்கள் என்று கேட்டார்கள். அளக்க வரவில்லை, வரைய வந்திருக்கிறேன் என்றேன்.

"வரையறதுக்கு யாருங்க சம்பளம் குடுக்கறாங்க?"

எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கிச் சொன்னேன்.

"அப்ப ஸ்காலர்ஷிப்பு. இந்த வயசுலயா?" என்று ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு குடங்களைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டா இல்லை என்று ஆனபிறகு என்னோடு பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உறவு ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய வீட்டு வாசலில் பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். அந்தக் காலத்தில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டு வருவார். மைன்ஸில் டிரில் பிடித்தவர். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது மூக்கில் டியூப் மாட்டியிருந்தார்கள். கதவுக்கு உள்பக்கம் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களை வரையட்டுமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"என்னை வரைஞ்சி இன்னா பண்ணப் போற?" என்றார். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். "சரி போடு. டியூப்பைப் போடாத."

"டியூப்பு இல்லாம போட்டா அது நீயா?" என்று பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வேற எவனோன்னு நெனைச்சிக்குவாங்க."

பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். அது இருமலில் போய் முடிந்தது. பெரியம்மா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்கியதும் பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ எவ்ளோ நேரம் இருப்ப பாப்பா?" என்று கேட்டார். வரைந்து முடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்றேன்.

பெரியம்மா உள்ளே போய் முகம் கழுவித் தலையை வாரிக்கொண்டு வந்தார். செருப்பு மாட்டும்போது, "இருமல் ஜாஸ்தியானா முன்னால சாய்ச்சி உட்கார வையி. தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

நான் வரைந்துகொண்டிருந்தேன். பெரியப்பாவுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. அப்புறம் விழித்து, கேஜ் என்கிற இரும்புக்கூண்டு லிஃப்டில் ஏறி பூமிக்குள் இறங்கும்போது காது அடைக்கும் கதையைச் சொன்னார். சொன்னதையே திரும்பவும் சொன்னார். பொழுது சாய்கிற நேரத்தில்தான் பெரியம்மா வந்தார். கையில் பை இல்லை. கடைக்குப் போகவில்லை என்று தெரிந்தது.

"எங்க போனீங்க பெரியம்மா?"

"ஸ்டேசனுக்கு."

"யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப் போறா. அந்த நேரத்துல வண்டியே கெடையாது. பெஞ்சுல சும்மா குந்திகினு இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க யாரும் இருமறதில்ல" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் சில நாட்கள் மதியம் நான் போவேன், பெரியம்மா கிளம்பிவிடுவார். அவர் கிளம்பிப் போவதைப் பார்த்த மற்ற பெண்கள் மெல்ல என்னிடம் வந்தார்கள். மாமியாருக்கு நினைவு தப்பிப்போன ஒருத்தி, தன் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கிழவியை அதுவரை வரைய முடியுமா என்று கேட்டாள். கட்டட வேலையில் விழுந்து இடுப்பு முறிந்த தம்பியைப் பார்த்துக்கொண்ட இன்னொருத்தி, "எங்க வூட்டுக்கும் வாங்க அக்கா, அவனையும் வரைங்க" என்றாள். நான் எப்படி வரைகிறேன் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எத்தனை மணிவரை இருப்பேன் என்றுதான் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வந்த நாளிலிருந்து அப்போதுதான் எனக்கு லைனுக்குள் ஒரு இடம் கிடைத்திருந்தது.

மாதாமாதம் பெங்களூரிலிருந்து ஃபெல்லோஷிப்பைக் கவனித்துக்கொண்ட பெண்மணி வீடியோ காலில் பேசுவார். நல்ல மனுஷி. படங்களைப் பார்த்துப் பாராட்டுவார். ஒருமுறை, உங்கள் கலை அங்கே மக்களிடம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது என்று கேட்டார். பெண்கள் கொஞ்சம் வெளியே போய் வருகிறார்கள் என்றேன். அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. அதையே கண்காட்சியின் பொருளாக வைக்கலாம் என்றார். எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. போனை வைத்தபிறகும் அது போகவில்லை.

பெரியம்மாவின் ஒரே மகள் கே.ஆர்.புரத்தில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் விடிவதற்குள் வண்டியைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பி வந்துகொண்டிருந்தவள். கல்யாணம் ஆனதும் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெரியம்மா போனில் மட்டும்தான் பேத்தியைப் பார்த்திருந்தார். போய் வாருங்களேன் என்று நான் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கடைசியில் பெரியப்பாதான் சொன்னார்.

"போடி. பாப்பா இருக்குதில்ல. காலைல போயி சாயந்திரம் வா. கொழந்தைய என் பேரு சொல்லி ஒருவாட்டி தூக்கிக்கோ."

பெரியம்மா முறுக்கு சுட்டார். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். கிளம்புகிற அன்று மாத்திரை, கஞ்சி, மெஷின் சுவிட்ச் எல்லாவற்றையும் எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பெரியப்பாவின் தோளில் துண்டைச் சரியாகப் போட்டுவிட்டுப் போனார்.

காலையில் பெரியப்பா நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி குடித்தார். நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார். நான் அன்றைக்கு அவருடைய கையை வரைந்துகொண்டிருந்தேன். டிரில் பிடித்துப் பிடித்து விரல்கள் கொஞ்சம் வளைந்தே இருக்கும். மதியம், வரைந்துகொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். நிமிர்ந்தால் முகம் நிறம் மாறியிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்னால் சாய்த்து முதுகைத் தடவினேன். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஆட்டோவுக்கு ஆள் ஓடியது.

நான் போனை எடுத்ததும் பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குப் போடாத," என்றார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "இன்னிக்கு ஒருநாள்... அங்க இருந்துட்டு வரட்டும்."

ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. போகும் வழியிலேயே நான் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தமும், "யாரும்மா?" என்று பெரியம்மா கேட்கும் சத்தமும் கேட்டன. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே கிளம்புங்கள் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரில் ஏற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து அதை வாயால் சொன்னார்.

பெரியம்மா வந்து சேர்ந்தபோது வீட்டுக்கு முன்னால் ஷாமியானா போட்டுவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. அந்தச் சேலையில் குழந்தைக்குப் போடும் பவுடர் ஒட்டியிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"இந்த நெலமையில ஒரு மனுசனை உட்டுட்டு ஊருக்குப் போவாங்களா?"

"கொஞ்ச நாளாவே ஊர் சுத்திகினுதான் இருந்தா."

சொன்னவர்களில் ஒருத்தி, கிழவியை வரையச் சொல்லி என்னைக் கூப்பிட்டவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடக்கம் எல்லாம் முடிந்து வீடு காலியானபிறகு ஒருநாள் பெரியம்மா கேட்டார்.

"என்னைக் கேட்டாரா?"

உங்களுக்குப் போன் போட வேண்டாம் என்று சொன்னார், ஒருநாள் அங்கேயே இருந்துவிட்டு வரட்டும் என்றார் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பெரியம்மாவின் முகம் கோபத்தில் சிவந்தது. "அதைச் சொல்ல அவுரு யாரு? இத்தினி வருசம் ராவும் பகலும் பக்கத்துல இருந்தவ நானு. கடைசியில மட்டும் நான் வேணாமா?" அப்போதுதான் அழுதார். நான் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு லைனில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பார்த்தால் பேசுவார்கள், டீ கொடுப்பார்கள். கிழவியை வரைய வரட்டுமா என்று கேட்டால், "இப்ப வேணாங்க, நானே வூட்லதான் இருக்கேன்" என்பாள் அந்த மருமகள். கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவள் போகவே இல்லை. இடுப்பு முறிந்தவனின் அக்கா என்னைப் பார்த்தால் கதவை லேசாகச் சாத்திக்கொள்வாள்.

வருஷக் கடைசியில் கண்காட்சி வைத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலைக் கேட்டு வாங்கினோம். பெங்களூரிலிருந்து ஃபெல்லோஷிப் பெண்மணி சிலரோடு வந்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நெடுநேரம் நின்றார்கள். லைனிலிருந்து கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பெரியம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். பெரியப்பாவின் படங்களுக்கு முன்னால் நிற்காமல் கடந்தார். மற்றவற்றை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"எல்லாம் சீக்காளிங்களா இருக்குது. பாத்துக்கற எங்களை ஒண்ணுகூட போடலியே பாப்பா?"

"நீங்கதான் வீட்டுல இல்லையே பெரியம்மா," என்றேன்.

"ஆமா. இல்ல," என்றார். கிளம்பும்போது, "இப்ப இருக்கேன். வா" என்றார்.

மறுநாளே போனேன். வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பெரியப்பாவின் நாற்காலி வேண்டாம் என்று உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். நான் தலையின் கோட்டை இழுத்து முடிப்பதற்குள் உள்ளே திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்காது, மறுபடி தலை உள்பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். சட்டென்று எழுந்தே விட்டார். வீட்டுக்குள் யாரும் இல்லை. மெஷினைக்கூட வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"நெலையா குந்த வரல பாப்பா," என்றார். "உடு."

அந்த மாதமே மகள் வந்து அவரை அழைத்துப் போனாள். அவளுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கே.ஆர்.புரத்தில் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பெரியம்மா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சளி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் கீழே போய் நடந்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"வேணாம்," என்றார் பெரியம்மா, அவசரமாக. "நான் எங்கயும் போவல."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, மாலை வரை அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.