அய்யாதுரை கடை வாத்து

தி.நகரில் அய்யாதுரையின் எவர்சில்வர் பாத்திரக்கடையில், காலையில் கதவு திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை தேவானை நின்றுகொண்டேதான் பாத்திரம் துடைக்கவேண்டும். வேலையாள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் சித்தாந்தம். கல்லாவில் மெத்தை போட்டுச் சாய்ந்திருக்கும் தமக்கு மட்டும் அந்தச் சித்தாந்தத்திலிருந்து விலக்கு கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

தேவானைக்கு அடையாற்றங்கரையில் குடிசை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண்களுக்கும் இவள் ஒருத்திதான் கதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவள் கால்கள் நரம்பு புடைத்து வீங்கிவிட்டன. கால் போனால் வேலை போகும். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி கேட்டாள்.

"ஏளா தேவானை, தங்கமுட்டை போட்ட வாத்த பேராசைக்காரன் ஒருத்தன் அறுத்தானே, தெரியும்லா?" என்று ஆரம்பித்தார் அய்யாதுரை.

தெரியாமல் என்ன? லீவு கேட்டாலும் அந்தக் கதைதான், டீ கேட்டாலும் அந்தக் கதைதான். வயிற்றைக் கிழிக்கும் இடம் வந்தால் விரலால் கிழித்தே காட்டுவார். "கடைதான் வாத்து. இன்னும் இன்னும்னு கேட்டா ஒண்ணுமில்லாமப் போவும், பாத்துக்க" என்று முடிப்பார். கேட்கக் கேட்க தேவானைக்கு எரிச்சல்தான் வரும். அந்த ஆளின் குரலே அவளுக்கு ஆகாது.

ஆவணி முகூர்த்த சமயத்தில் ஒரு சாயங்காலம், மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தது. தேவானைக்கு நிற்கவே முடியவில்லை. ஓர் அண்டாவைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். அது அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு எடுத்துவைத்த அண்டா.

அய்யாதுரை பார்த்துவிட்டார். வந்தவர்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, வாத்துக் கதையையும் அவிழ்த்துவிட்டார்.

தேவானை எழுந்திருக்கவில்லை. "மொதலாளி, அந்த வாத்து நின்னுகினா முட்டை போட்டுச்சு? குந்தினுதானே போட்டுச்சு? அத்த குந்த வுட்டவனையே பேராசைக்காரன்றியே, அப்போ நீ யாரு?"

கல்யாணப் பெண்ணின் அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"வெளிய போடி!" என்று கத்தினார் அய்யாதுரை.

போனாள். போய் வாசற்படியின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் படியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தால் லட்சுமி உள்ளே வரமாட்டாள் என்று நடுங்குகிறவர் அய்யாதுரை. தேவானைக்கு அது நன்றாகவே தெரியும்.

தீப்பெட்டியும் கையுமாக ஓடிவந்தார். "எந்திரி தாயி, படியில உக்காரக்கூடாது."

"உள்ளயும் குந்தக்கூடாது, வெளியவும் குந்தக்கூடாது. எங்கதான் குந்தறது? முக்காலி போடு, வர்றேன்."

அவள் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது; மயிலாப்பூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே ஒரு முக்காலியைத் தூக்கிவந்து, அலமாரி ஓரத்தில் ணங்கென்று போட்டார். தேவானை அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு தட்டை மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் சாமி விளக்கை ஏற்றியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.