செருப்பில்லாத படை

இரும்பு மூக்கு வைத்த தொழிற்சாலைப் பூட்ஸ் ஒரு சோடி என் கிளென் வேவர்லி வீட்டுக் கராஜில் கிடக்கிறது. என்னுடையதல்ல, டர்பன் அண்ணனுடையது. எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் நான் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில், இலங்கையிலிருந்து வந்த எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். வெள்ளை அரசை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக, இனித் திரும்புவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டு வெளியே விட்டார்கள். அம்மா அங்கே படுத்த படுக்கையாக இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாட்டுச் சூலு இனத்தின் பழைய அரசன் ஒருவனின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். தகப்பன் துரத்திவிட்ட தாயும் பிள்ளையும். போன இடமெல்லாம் ஏச்சு. வளர்ந்த பிள்ளை, எறிகிற ஈட்டியைக் குட்டையாக்கிக் கிட்டப்போய்க் குத்தப் பழக்கினான். செருப்பு வேகத்தைக் கெடுக்கிறது என்று கழற்றவைத்து, படையை முள்ளின் மேல் ஆடவிட்டான். ஏசிய குலங்களெல்லாம் பணிந்தன. "அம்மாவ ராஜமாதாவா உக்கார வச்சான் தம்பி" என்பதோடு கதை நின்றுவிடும். பிறகு என்ன என்று கேட்டால் சான்ட்விச்சைக் கடிப்பார். அம்மாவை ஒருமுறை பார்த்துவர அனுமதி கேட்டு எழுதியிருந்தார், பதில் வரவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பெரிய கெட்டிக்காரன் போல ஆரம்பித்தேன். "அண்ணை, மிச்சக் கதை எனக்குத் தெரியும். தாய் செத்த பிறகு ராசாவுக்கு விசர் பிடிச்சிட்டுது. ஒருத்தரும் விதைக்கக் கூடாதாம், பால் குடிக்கக் கூடாதாம். அழாத ஆக்களை வெட்டிப்போட்டான்."

அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, அனுமதி இல்லை என்ற கடிதம். மற்றது தந்தி. அம்மா சனிக்கிழமை போய்விட்டார். வீட்டில் தனியாக இருக்க முடியாமல்தான் வேலைக்கு வந்திருக்கிறார். என் வாயை அன்றைக்காவது மூடி வைத்திருக்கக் கூடாதா என்று இன்றுவரை நொந்துகொள்கிறேன்.

குனிந்து பூட்ஸைக் கழற்றினார். மெல்பேர்னின் யூலை மாதக் குளிரில் முற்றத்துச் சிமெந்தில் வெறுங்காலோடு போய் நின்றார். ஃபோர்மன் கத்தியது அவர் காதில் விழவில்லை.

"அவன் ஊரையே அழ வச்சான். எங்கம்மாவுக்கு இங்க அழ யாரு இருக்கா? நீயாவது அழு தம்பி. எனக்கு வரமாட்டேங்குது."

அழுதேன். முகமே பார்த்திராத ஒரு தாய்க்காக விம்மி விம்மி அழுதேன். அவர் அப்படியே வாசலைத் தாண்டி நடந்தார். பிறகு வேலைக்கு வரவேயில்லை; அறையையும் காலிசெய்துவிட்டார்.

இன்று டர்பனுக்கு யாரும் டிக்கெட் எடுக்கலாம். பூட்ஸின் நாடாக்கள் அவர் அவிழ்த்தபடியே கிடக்கின்றன. அவர் எங்கோ கண்மூடியபோது பக்கத்தில் அழ யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.