வளர்ற பிள்ளைக்கு வாங்கிய ஹெல்மெட்

பினாங்கில், பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வாசலில் சைக்கிள் விடும் வாண்டுகள், கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வருவதற்கே ஹெல்மெட் மாட்டிக்கொள்வார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரே சைக்கிளில் மூன்று பேர் தொற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸை முந்துவார்கள். அந்தத் தலைகளுக்கு மாரியம்மன்தான் காவல். "சிரிக்காதே தங்கச்சி, விழுந்தா மண்டைதான்லா முதல்ல போகும்" என்றார் எதிர்வீட்டு மாலா அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

சரியென்று நானும் கணவரும் ஆறு வயது யாழினியைக் கூட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். நாங்கள் எடுத்த ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்த கடைக்காரச் சீனப்பெண், அதைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். "லோங்கார், லோங்கார்" என்று வேறொன்றை நீட்டினாள். தொளதொளவென்று இருக்கிறது என்கிறாள். அந்த அளவு மலாய் எங்களுக்குப் புரியும். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷத்துக்கு ஆகும்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். நம் ஊரில் பள்ளிச் சீருடை, செருப்பு, தீபாவளிப் பாவாடை எல்லாமே அப்படித்தானே? அவள் மறுபடி ஆட்டிக் காட்டினாள். விலை கூடியதைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். இரண்டும் ஒரே விலைதான் என்பதை யார் பார்த்தது?

யாழினி மாட்ட மாட்டேன் என்றாள். மற்ற பிள்ளைகள் 'பானை மண்டை' என்றார்களாம். கொஞ்சினேன், கெஞ்சினேன். கடைசியில் தைப்பூச ரதத்துக்கு முன்னால் சாலை நெடுக உடைந்து கிடந்த தேங்காய்களைக் காட்டி, "ஹெல்மெட் போடலேன்னா உன் மண்டையும் இப்படித்தான்டி சிதறும்" என்றேன். பிள்ளை நடுங்கிப்போனாள். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து அவள் கண்ணை மறைத்தது. ஒரு கையால் தூக்கிவிடப் போய், கால்வாய் ஓரத்தில் சைக்கிளோடு விழுந்தாள். ஹெல்மெட் கழன்று உருண்டு ஓடியது. தலை சிமெண்டில் மோதியது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு இடது காதோரம் எலும்பில் விரிசல் விட்டு, அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. "ஏன் இவ்வளவு பெரிய சைஸ்?" என்று டாக்டர் கேட்டார். மாமியார் ஊரிலிருந்து போனில் பொரிந்து தள்ளினார்: "அந்தச் சனியனை மாட்டினதாலதான் விழுந்தா. இங்க எந்தப் பிள்ளை மாட்டுது?"

இப்போது ஊரிலிருந்து போன் வந்தால் யாழினி வலது காதில் வைத்துக்கொள்கிறாள். அந்த நேரம் பினாங்கு அவளுக்குக் கேட்பதில்லை. வைத்துவிட்டால் ஊர் கேட்பதில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் அவளாகவே அந்த ஹெல்மெட்டைத் தேடி எடுத்து, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டாள். கடைக்காரப் பெண்ணைப் போலவே நானும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கணவரின் கணக்குத் தப்பவே இல்லை. "இப்போ அளவா இருக்குடி" என்றேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வருவதற்குள் அவள் சைக்கிளை மிதித்துவிட்டாள்.