சறோவின் யன்னலுக்குக் கீழே மானுக்கு விதைத்தது

ஈரக் களிமண்ணில் மண்வெட்டியை இறக்கி இழுத்தால் ‘சளக்’ என்று ஒரு சத்தம் வரும். சப்பாத்தோடு வீட்டு வளவில் பாதியும் ஒட்டிக்கொண்டு வரும். ஏப்ரல் மாதக் குளிர்... மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று காலை மழை விட்டதும் அதே மண் மணம். அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

குகன் என் மனிசியின் தம்பி. பஸ் டிப்போவில் வேலை. செவன் கிங்ஸ் பகுதியில் எங்கள் பின்தெருவில் இருந்தவன், ரொம்போர்ட் நகரையும் தாண்டிக் காட்டோரமாக ஒரு வீடு வாங்கிப் போனான். அவனுடைய வளவு முடிகிற இடத்தில் மரங்கள் தொடங்கும். போன அடுத்த வருடமே அவன் பெண்சாதி சறோவுக்குப் புற்று வருத்தம் என்று தெரிந்தது.

கீமோ எல்லாம் கொடுத்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர்மார் கைவிட்ட பிறகு, மேல்மாடியில் பின்யன்னலோடு கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். குளிர் தொடங்க முன் ஒரு காலை, ஒரு மான் வளவுக்குள் வந்து நின்று அவளை நிமிர்ந்து பார்த்ததாம். பிறகு வரவேயில்லை.

“அண்ணை, அது இன்னொருக்கா வருமோ?” என்று என்னைக் கேட்டாள்.

அந்த மாதங்களில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

நான் விடுவேனா... இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கென்ட் பக்கம் ஸ்ட்ரோபெரிப் பண்ணையில் நின்றவன். அந்த வெள்ளைக்கார முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு விதை நிலத்தில் போட மாட்டான்.

“நான் விதைச்சா மான் என்ன, அரண்மனைக் குதிரையே கயிறறுத்துக்கொண்டு வரும்” என்றேன்.

“அப்ப பாதிக் குதிரை வரும்” என்றாள்.

நான் எதைச் சொன்னாலும் பாதியாக்கி எடுப்பது அவள் வழக்கம். பத்துப் பேரோடு வாறன் என்று போன் எடுத்தால் ஐந்து கோப்பை தேத்தண்ணிதான் வைப்பாள். ஒரு நாளும் ஒரு கோப்பை மிஞ்சியதில்லை.

ஏப்ரலில் குகனும் நானும் பின்வேலியில் ஒரு பலகையைக் கழற்றி வழி விட்டோம். புல்லைச் செதுக்கி மண்ணைக் கொத்தினோம். குளோவர் என்ற தீவனச் செடி, ஓட்ஸ், பட்டாணி. குளோவர் விதை கடுகிலும் சின்னது, மணலோடு கலந்துதான் வீச வேண்டும். விதைக்கடைக்காரனுக்கே தெரியாத ஒன்றையும் நான் சேர்த்தேன்... எங்கள் தமிழ்க்கடை வெந்தயம். அந்தக் குளிரிலும் முதலில் தலை காட்டியது அதுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரேயடியாக ஷிப்ட். ஒரு மாதம் போக முடியவில்லை. போனில்தான் விசாரிப்பு. வளவு பச்சையாம். முயல் வந்ததாம், புறா வந்ததாம். நரி வெந்தயத்தை மணந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனதாம்.

மான் மட்டும் இல்லை. சறோவோ கட்டிலுக்குள் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு போய் இறங்கினேன். பாத்தி நடுவில் ஒரு கம்பு. கம்பில் குகனின் மஞ்சள் டிப்போ ஜக்கெட். மேலே பூசணிக்காயில் மார்க்கர் பேனையால் கண்ணும் மீசையும். காற்றுக்கு ஜக்கெட்டின் இரண்டு கையும் படபடவென்று அடிக்கின்றன.

“என்ன குகன் இது?”

“கண்ணூறுக்கு அத்தான். பக்கத்து வீட்டு வெள்ளை மனிசி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து ‘லவ்லி, லவ்லி’ எண்டவ. அடுத்தநாளே ஒரு மூலை வாடிப்போச்சு.”

“அது வெருளியடா. பயிர் தின்ன வாறதை வெருட்டத்தான் வைக்கிறது. இஞ்ச ஆர் ஓடோணும்?”

அவன் வேலியின் இடைவெளியைப் பார்த்தான். பிறகு ஜக்கெட்டைப் பார்த்தான். 

மேல் யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அங்கிருந்து சறோவின் சிரிப்பு... இருமலோடு சேர்ந்து.

“நான் அண்ணை சொல்லித்தான் வைச்சதெண்டு நினைச்சன். விருந்துக்குக் கூப்பிட்டிட்டு வாசல்ல பொலிசை விட்டிருக்கிறியள்.”

அவள் சிரித்து நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

அன்றைக்கே ஜக்கெட்டைக் கழற்றினோம். பூசணி கறிக்குப் போனது. ஆனால் அந்தக் கிழமையே அவளைக் கடைசிக்கால நோயாளிகளைப் பார்க்கும் ஹொஸ்பிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அவள் யன்னலுக்கு வெளியே கார் பார்க். மழையில் நனைந்த கார்கள்... வேறொன்றும் இல்லை.

“வந்ததோ, அண்ணை?” என்றாள். உதடுதான் அசைந்தது.

குகன் குனிந்து அவளுடைய போர்வையைச் சரிசெய்தான். வரவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வந்தது பிள்ளை. ரண்டு. தாயும் குட்டியும். முதல் வெந்தயத்திலதான் வாய் வைச்சது.”



“அப்ப ஒண்டு வந்திருக்கு” என்றாள். “எனக்கு அது போதும்.”

இப்போதும் ஒவ்வொரு ஏப்ரலும் குகனும் நானும் அதே இடத்தில் விதைக்கிறோம். வெருளி வைப்பதில்லை. மான்கள் கேட்டுக் கேள்வியில்லாமல் வந்து, தின்று, பக்கத்து வீட்டு மனிசியின் ரோசா மொட்டையும் முடித்துவிட்டுப் போகின்றன. நேற்றும் வந்தன. கட்டில் இருந்த இடத்தில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். ஒன்று நிமிர்ந்து யன்னலைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து, எட்டு மான் வந்தது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

“அப்பிடியோ” என்றார்கள். அவரவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாலு என்று சொல்ல ஒருவரும் இல்லை.